பொய்க் காரணம் சொல்லும் எண்கள்

வலைப்பின்னல் வழியே ஒரு வேலையைச் செய்து தருமாறு நிரல் லினக்ஸ் கெர்னலைக் கேட்கிறது. அது இயலாதபோது கெர்னல் தரும் விடை ஒரே ஓர் எண். இன்டெல் கணினிகளில் இணைப்பு மறுக்கப்பட்டால் 111, காத்திருந்த நேரம் கடந்தால் 110. அதே மறுப்புக்கு ஃப்ரீபிஎஸ்டியில் 61. நன்னூலார் மொழியில் சொன்னால் இவை இடுகுறிகள். எண்ணுக்கும் பொருளுக்கும் இடையே உடன்பாட்டைத் தவிர வேறு உறவில்லை. அந்த உடன்பாடு பிசகினால் கேட்பவருக்குத் தவறான பொருளே போய்ச் சேரும்.

கெர்னலுக்குள் ஒரு செயற்கூறு வெற்றிக்கு 0, தோல்விக்கு உரிய பிழை எண்ணை எதிர்மக் குறியுடன் திருப்புவது மரபு. நிரலாளர் ஒருவர் 'ஏதோ தவறு' என்ற பொதுப்பொருளில் -1 என்று எழுதிவிடுகிறார். ஆனால் 1 என்ற எண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: 'இச்செயலுக்கு அனுமதி இல்லை'. நினைவகப் பற்றாக்குறையால், அதாவது 12ஆம் பிழையால், நின்ற வேலைக்குப் பயனர் அனுமதிகளைத் துருவுகிறார். தேவையின்றி ரூட் அதிகாரத்துடனும் ஓட்டிப் பார்க்கிறார். காரணமே சொல்லாத மௌனம்கூட இவ்வளவு தொலைவு அலைக்கழித்திராது.

524ஆம் எண்ணின் கதை வேறு. என்எஃப்எஸ் நெறிமுறைக்காகக் கெர்னலின் அகப் பயன்பாட்டுக்கு வரையறுக்கப்பட்ட இதன் பொருள் 'ஆதரவு இல்லை'. பயனர் நிரல்கள் இதைக் காணவே கூடாது. எனினும் பெயர் ஒற்றுமையால், 95 இருக்க வேண்டிய இடங்களில் வலைப்பின்னல் டிரைவர்கள் சில இதை எழுதின. சி நூலகத்துக்கு இந்த எண் தெரியாது. 'அறியாப் பிழை 524' என்று மட்டும் அச்சிடும். இன்று பேட்சுகளைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி இதைக் கண்டால் எச்சரிக்கிறது.

திருத்தம் ஒரு வரிதானே எனத் தோன்றும். ஆனால் அழைக்கும் செயற்கூறு 524ஐ ஒப்பிட்டுப் பார்த்து, 'இவ்வசதி இல்லையெனில் மேலே செல்' என எழுதப்பட்டிருக்கலாம். கீழே மட்டும் 95 ஆக்கினால், நேற்றுவரை இயங்கியது இன்று தோல்வியுறும். ஆகவே சொல்பவர், கேட்பவர் இருவரின் நிரலையும் படித்த பின்னரே எண்ணை மாற்ற இயலும். வெளியிட்டுவிட்ட எண்ணைப் பயனர் நிரல்கள் நம்பத் தொடங்கியிருந்தால் அதுவும் கடினம். அவற்றை முறிக்கலாகாது என்பது லினக்ஸின் உறுதியான கொள்கை. அப்போது பிழை வழுவமைதியாக நிலைத்துவிடுகிறது. பேட்சை ஏற்குமுன் 'இந்த எண் யாரிடம் போய்ச் சேரும், அவர் இதை என்னவென்று புரிந்துகொள்வார்?' என்று சீராய்வாளர் கேட்பதே செலவு குறைந்த திருத்தம்.