வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை முதன்முறையாக வீதியில் இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். 14 ஆண்டுகள் ஓடிய ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்று, சொல்லாக்கம் பற்றி வகுப்பெடுக்கும் எனக்கு 2024 வரை யோசிக்கத் தோன்றியதில்லை. பாளையங்கோட்டையில் அதற்குச் சொல் இல்லை, வாக்கியம் உண்டு. “ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா சார்?” அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிவதற்குள் இரண்டு பேரை மனம் நோகச் செய்துவிட்டேன்.

வண்டி 2010 ஜனவரியில், வேலை நிரந்தரமான மாதத்தில் வாங்கியது. 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிவதற்கு முன் விற்றுவிடலாம் என்று நினைத்தேன். “டேங்கில் அதிகம் பெட்ரோல் வைக்காதீர்கள். ஒரு ரவுண்டு என்று போகிறவன் அப்படியே மதுரைக்குப் போய்விடுவான்” என்றார் துறை நண்பர். ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி வண்டியோடு மாயமானவர்களின் செய்தியை நாளிதழ்களில் நானும் படித்திருக்கிறேன். ஆகவே இருந்த பெட்ரோலில் பெரும்பகுதியை ஒரு கேனில் இறக்கி வைத்தேன். அதைச் செய்யும்போது யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

முதலில் வந்தவர் நடுவயதுக்காரர். பெயரைக்கூட நான் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தேன். உழவர் சந்தைப் பக்கம் திரும்பிப் போனார். 10 நிமிடம், 20 நிமிடம். வாசலில் நின்றவன் உள்ளே போய் ஆர்.சி. பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை; அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. 40 நிமிடங்கள் கழித்துத் தெருமுனையில் அவர் தெரிந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“ரிசர்வும் இல்லியே சார்” என்றார். அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். விலையைக் கேட்காமலே போய்விட்டார். கேன் படிக்கட்டின் கீழேதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பெட்ரோல் தந்திரத்தை விட்டேன். அப்போதுதான் சித்தப்பா மகன் ஒரு கதை சொன்னான். அவன் தன் பழைய ஸ்கூட்டரை விற்றபோது ஓட்டிப் பார்த்த இளைஞன் ஒரு பாட்டியை இடித்துவிட்டான். அவனிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. காப்பீட்டு நிறுவனம் பாட்டிக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க உத்தரவு வாங்கியது. தம்பி அந்தப் பணத்தைத் தவணையில் கட்டினான். திருட்டுக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு, வண்டி திரும்பி வந்தாலும் பயம் தீராது என்பது அன்றுதான் புரிந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். செய்யுளைவிடக் கடினமான உரைநடை. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு 180ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் 1,000 ரூபாய்தான். விற்ற பிறகும் விடுதலை இல்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, முற்றத்திலிருந்து கிளம்பி முற்றத்துக்கே திரும்பும் அந்தக் கால் மணி நேரம் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

அடுத்த ஞாயிறு ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். பையன் பிளஸ் டூ. வண்டியை அவனுக்குப் பிடித்துவிட்டது. டேங்கைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. நான் கேட்ட 22,000 ரூபாயைத் தந்தை பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். பையன் ஒரு ரவுண்டு போகட்டும், அவ்வளவுதான்.

“லைசென்ஸ் இருக்கா தம்பி?”

பையன் தந்தையைப் பார்த்தான். “நீங்க ஓட்டிப் பாருங்க” என்றேன் தந்தையிடம்.

“எனக்கு ஓட்டத் தெரியாது சார். அவன் நல்லா ஓட்டுவான். நீங்க வாத்தியாரு, நீங்களே ஒரு பிள்ளைய நம்ப மாட்டேங்கியளே?”

பதில் இருந்தது, பிரிவு எண்ணோடு இருந்தது. சொல்லவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பையன் என் வகுப்பில் இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனோ என்று பிறகு யோசித்தேன். கொடுத்திருக்கலாம். அது இன்னும் பெரிய தவறாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக வந்தவர் ஓர் எலெக்ட்ரீசியன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். முதலில் குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். ஆறிக் கிடக்கும் எஞ்சின் எத்தனை உதையில் எழுகிறது என்று பார்க்க வேண்டுமாம். சூடாக்கி வைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டாம். அவருடைய சந்தேகம் எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் உரிமத்தையும் எக்ஸ்எல்லின் சாவியையும் திண்ணையில் வைத்தார். “நீங்களும் பின்னால உக்காருங்க சார். ரெண்டு பேரு உக்காந்தாத்தான் வண்டியப் பத்தித் தெரியும்” என்றார்.

உட்கார்ந்தேன். 14 ஆண்டுகளில் அந்த வண்டியின் பின்னிருக்கையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அது அப்பாவின் இடம். கடைசி மூன்று ஆண்டுகள் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அங்கே உட்கார்ந்துதான் வந்தார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஆட்டோவில் போகலாம் என்றால், “இதுக்கென்ன, சுகமாத்தான இருக்கு” என்பார்.

முதல் வேகத்தடையில் இடுப்பு வரை அதிர்ந்தது. இரண்டாவதில் எலெக்ட்ரீசியனின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“பின் ஷாக் அப்சர்பர் ரெண்டும் போயிருக்கு சார். இன்னைக்கு நேத்துப் போனதில்ல, வருசக்கணக்காகும்” என்றார் அவர், திரும்பாமலே.

வீட்டுக்கு வந்து 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்திட்டேன். 14 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். அவர் 2,000 ரூபாய் குறைக்கச் சொன்னார். 3,000 குறைத்தேன்.