இனிப்பைத் தாங்குதலும் ஆளுதலும்

மட்டக்களப்பு நகரையடுத்து, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாற் பெயர்பெற்று விளங்கும் ஊர் அமிர்தகழி. கழி என்பது கடலையொட்டிய உவர்நீர்ப் பரப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நெய்தற் பாக்களிற் பெரிதும் பயின்று வருவது. அதனோடு அமிர்தமும் சேர்ந்து ஊருக்குப் பெயராயிற்று. இப்பெயரை நாளும் வழங்கும் மக்கள், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியையும் நன்கறிவர். ஆயினும் உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர் அப்பழமொழியை அறிவதோடு நில்லாது உடலாலும் உணர நேர்கிறது. அவருக்கு அளவு என்பது பிறர் கொள்ளும் அளவன்று. ஒரு கோப்பைத் தேநீரிற் கலந்த சீனியே மிகையாகிவிடக் கூடும். இனிப்பாலேயே அன்பை அளக்கும் ஒரு சமூகத்தில் அத்தகையவர் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பது வைத்தியத்துக்கு மட்டும் உரிய வினாவன்று.

இச்சிகிச்சையின் வரலாறு ஒரு தற்செயலான அவதானிப்பிலிருந்து தொடங்குகிறது. 1881 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் தியடோர் பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் புற்றுநோயுற்ற இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். பின்னர் இரைப்பைப் புண்ணுக்கும் இத்தகைய சிகிச்சை பரவலாயிற்று. இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தோர் மெலிந்தே இருந்தனர். இழந்த எடையை மீண்டும் பெற அவர்கள் இடர்ப்பட்டனர். நோயாளருக்குத் தீங்காயிருந்த இவ்விளைவைப் பருத்த உடலினர்க்கு நன்மையாக்கலாம் எனக் கருதிய எட்வேட் மேசன், 1966 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடக்கி வைத்தார். இன்று இம்முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறுபை ஒன்று அமைக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. அப்பை கோழிமுட்டையிலும் சிறியது. மற்றொரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதி வெட்டி அகற்றப்பட, வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயொன்றே எஞ்சும். 1995 ஆம் ஆண்டில் வோல்ற்றர் போரிசும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, மாற்றுவழிச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளருட் பெரும்பான்மையோரின் குருதிச் சீனி சீரடைந்ததைக் காட்டிற்று. அதன்பின் இச்சிகிச்சை எடைக்குறைப்பு என்னும் எல்லையைக் கடந்து மதிக்கப்படலாயிற்று.

ஆயின் பெற்ற நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. இயல்பான இரைப்பை, களஞ்சியக் காவலனைப் போன்றது. உண்டதைக் கடைந்து கூழாக்கி, அடிவாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்து குடலுக்கு அனுப்புவது அதன் தொழில். மாற்றுவழிச் சிகிச்சையில் அக்காவல் நீங்கிவிடுகிறது. சீனி செறிந்த உணவு ஒரே பொழுதிற் சிறுகுடலைச் சென்றடைய, அச்செறிவைத் தணிக்கும்பொருட்டுக் குருதியிலுள்ள நீர் குடலினுள் ஈர்க்கப்படுகிறது. குடலோமோன்களும் மிகையாகச் சுரக்கின்றன. உண்டு பத்து நிமிடம் முதல் அரைமணி நேரத்துள் வயிறு முறுக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், சிலருக்கு வயிற்றோட்டமும் ஏற்படும். வைத்தியர் இதனை ‘டம்பிங்’ என வழங்குவர். வண்டியிலிருந்து மண்ணைக் கவிழ்த்துக் கொட்டுவதுபோல உணவு குடலிற் கொட்டப்படுதலை அச்சொல் உணர்த்தும். அதன் முற்பட்ட வடிவம் இது.

பிற்பட்ட வடிவம் இதனினும் நுட்பமானது. விரைந்து உறிஞ்சப்பட்ட குளுக்கோசு குருதியில் மலையென எழ, அதைக் கண்டு சதையி இன்சுலினை அளவின்றிச் சுரக்கிறது. உண்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தின்பின், வந்த சீனி யாவும் தீர்ந்தபின்னும் இன்சுலின் எஞ்சி நிற்பதால், குருதிச் சீனி இயல்பான அளவிலும் கீழே வீழ்கிறது. கை நடுங்கும்; பசி எழும்; கண் இருளும்; சிந்தை குழம்பும். சீனியை உண்டமையாலேயே சீனி குறையும் முரண் இது. வாவியிலே தோணி செலுத்துபவருக்கோ, வீதியிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுபவருக்கோ இந்நிலை நேருமாயின் விளைவு உயிருக்கே கேடாகலாம். அப்பொழுது அளவான சிறிது குளுக்கோசே உடனடி மருந்து. அதன்பின் புரதம் கலந்த சிற்றுணவு கொள்ளாவிடின் அம்மருந்தே அடுத்த வீழ்ச்சிக்கு வித்தாகும்.

இவை எல்லார்க்கும் ஒரே வகையில் நேர்வன அல்ல. இரைப்பையைக் குழாயாக ஒடுக்கும் முறையில் அடிவாயில் எஞ்சுவதால் தொல்லை பொதுவாகக் குறைவு. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருள்ளும் சிலர் ஒரு கரண்டிச் சீனிக்கே துவண்டுவிட, வேறு சிலர் யாதும் உணரார். இங்கு மனங்கொள்ளத்தக்கது காலத்தின் போக்கு. முற்பட்ட தொல்லை, சிகிச்சை முடிந்த சில மாதங்களிற் கடுமையாயிருந்து, ஓராண்டு ஈராண்டில் பலருக்கும் தணிந்துவிடுகிறது. பிற்பட்ட வீழ்ச்சியோ பெரும்பாலும் ஓராண்டு கழிந்த பின்னரே தலைகாட்டுகிறது. எனவே, ‘இப்போது இனிப்பு ஒத்துக்கொள்கிறது’ என ஒருவர் மகிழும் காலமே அவர் மிக விழிப்பாயிருக்க வேண்டிய காலமாகும். தண்டித்துக்கொண்டிருந்த குடல் மௌனமாகிவிட, நாவின் பழைய ஆசை திரும்புகிறது. குறைந்த எடையும் மெல்லத் திரும்புகிறது. இனிப்பைத் தாங்கும் வலிமை உடல் தருவது. அது கூடும், குறையும். இனிப்பை ஆளும் வலிமையோ பழக்கத்தாற் பெறுவது. உடல் தண்டிக்கும் அக்காலத்திலேயே இரண்டாவதைக் கைக்கொள்ளாதவர், தண்டனை நீங்கியபின் அதனைக் கற்பது அரிது.

பழக்கம் என்பது தனியொருவரின் உடைமையன்று என்பதை அமிர்தகழி போன்ற ஊரில் எளிதிற் காணலாம். மட்டக்களப்பைத் தேனாடு என்பது வழக்கு. இங்கு எருமைத் தயிரில் சீனியோ தேனோ கலந்து விருந்தினர்க்கு இடுவர். பொங்கலுக்கும் ஆலயப் படையலுக்கும் சர்க்கரைப் புக்கை. அண்மையிலுள்ள முஸ்லிம் ஊர்களிலிருந்து பெருநாளுக்கு வரும் வட்டிலப்பமும் தொதலும். வீட்டுக்கு யார் வரினும் இனிக்க இனிக்க ஒரு தேநீர். 1970 களில் சீனி கூப்பனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட அரும்பொருளாயிருந்தது. அக்காலத்தை வாழ்ந்து கடந்த மூத்தோர்க்கு, வந்தவரின் கோப்பையிற் சீனியைக் கூட்டி இடுதல் தம் பங்கைக் குறைத்து அவரை மதித்தலாகும். அக்கோப்பையை மறுப்பவர் சீனியை மட்டுமன்றி அந்த மதிப்பையும் மறுத்தவராகவே கருதப்படுவார்.

இச்சிகிச்சை பெற்று ஊர் திரும்பிய பெண்ணொருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவள் மெலிந்தமை கண்டு சிலர் வியப்பர். சிலர், ‘சீனி வருத்தம் முத்திப்போச்சோ?’ எனத் தமக்குள் வினவுவர். உறவினர் வீட்டில் மாமி ஒருவர் புக்கையை நீட்டி, “சாமிக்குப் படைச்சது மகள், ஒரு வாய்தானே” என்பார். “மறுகா தின்னுறன் மாமி” என்பது அவள் மறுமொழியாயிருக்கும். பிறகு என்னும் பொருள்தரும் ‘மறுகா’ மட்டக்களப்பு வழக்குக்குரிய இனிய சொல். மறுப்பைத் தள்ளிவைப்பாக மாற்றி, இருவர் மனமும் நோகாது காக்கும் சொல்லும் அதுவே. ஆயினும் நாள்தோறும் அச்சொல்லின் பின்னே ஒளிந்து வாழ்தல் இயலாது. பத்தாவது வீட்டில் அவள் தளர்வாள். அந்த ஒரு வாய் உள்ளே சென்றபின் வியர்த்து ஒடுங்கி ஒரு மூலையிற் படுத்திருப்பாள். அன்புடன் இட்டவரோ, ‘கண்ணூறு பட்டுவிட்டது’ எனக் கவலைகொள்வார். இருவரிடத்தும் குற்றமில்லை; ஒருவர் உடலில் நிகழ்ந்த மாற்றம் மற்றவர்க்குச் சொல்லப்படவில்லை.

சொல்லப்பட வேண்டியவற்றுள் முதன்மையானது, சீனிக்குப் பதிலாகத் தேனையும் பனங்கட்டியையும் கித்துள் பாணியையும் நம்புதல் கூடாது என்பது. கடைச் சீனி தீது, தேன் நன்று என்னும் எண்ணம் தேனாட்டில் வேரூன்றியிருப்பது இயல்பே. ஆயினும் தேனிற் பெரும்பகுதி குளுக்கோசும் புறக்ரோசும். பனங்கட்டியில் மிக்கிருப்பது சுக்குரோசு. வெட்டி இணைக்கப்பட்ட குடல் இவற்றின் குலம் கோத்திரம் வினவுவதில்லை, செறிவையே கணக்கிடுகிறது. திரவமாக வருவன இன்னும் விரைந்து இறங்குவதால், சீனியிட்ட பழரசமும் மென்பானமும் பலகாரத்திலும் கொடியனவாகலாம். குழையச் சமைத்த வெள்ளரிசிச் சோறும் மிகுதியாக உண்ணப்படின் விரைவிற் குளுக்கோசாகும்.

ஆளுதற்கான வழிகள் அரியனவல்ல. ஒரு நாளுணவை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பகுத்தல். மெல்ல மென்று உண்டல். புரதத்தை முதலில் உண்டு மாப்பொருளை இறுதியிற் கொள்ளல். நீரை உணவோடு பருகாது ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்துப் பருகல் என்பன வைத்தியர் வலியுறுத்துவன. நார்ப்பொருள் மிக்க உணவு சீனி உறிஞ்சப்படும் விரைவைத் தணிக்கும். இவ்வகையில் நோக்குமிடத்து வாவிக்கரை வாழ்வு ஒரு பேறே எனலாம். வாவி தரும் மீனும் இறாலும் நண்டும், முட்டையும், சீனி சேராத தயிரும், அவித்த பயறும் கடலையும், முருங்கைக்கீரையும் பொன்னாங்காணியும் இத்தட்டுக்குப் பொருந்துவன. உயிர்ச்சத்து பீ12, இரும்பு, கல்சியம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றை வைத்தியர் குறிக்கும் அளவில் வாழ்நாள் முழுதும் பெறுதலும், காலந்தோறும் குருதிச் சோதனை செய்தலும் தவிர்க்கலாகாதன. நீரிழிவு மருந்து உட்கொண்டு வந்தவர் சிகிச்சையின்பின் அம்மருந்தின் அளவை வைத்தியரிடம் மீள ஆராய்வித்தல் வேண்டும். பழைய அளவே தொடரின் அதுவும் குருதிச் சீனியைத் தாழ்த்திவிடும்.

வழக்கமான நாளில் இவ்வொழுங்கைக் காத்தல் இயலும். விரதநாளிலேதான் அது சோதிக்கப்படுகிறது. ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்திலே திரளும் அடியவருட் பலர் மறைந்த தந்தையரை நினைந்து நோன்பிருப்பர். பகல் முழுதும் வெறுவயிறு, பின்னர் பாயசத்தோடு கூடிய முழுச் சோறு என்னும் அமைப்பு, இச்சிகிச்சை பெற்றவர்க்கு இருவகையிலும் இடர் தரும். பிதிர்க்கடனைக் கைவிடுமாறு எவரும் அவரை வேண்டுவதில்லை. நீராடலும் தருப்பணமும் தானமும் வழிபாடும் குறைவின்றி நிகழலாம். நோயாளர்க்கும் முதியோர்க்கும் உணவில் விலக்களிப்பது நமது சமய மரபுக்குப் புதிதன்று. திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில் உணவின் அளவையும் வேளையையுமே பெரிதும் பேசுகிறது. உடலறிந்து உண்ணல் அறத்துக்கு மாறானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனிப்பின் அளவு சிகிச்சை பெற்றவர்க்கு மட்டும் உரிய கவலையுமன்று. வளர்ந்தோர் ஒரு நாளிற் பெறும் சக்தியில் உணவிற் சேர்க்கும் சீனியின் பங்கு பத்து வீதத்துக்கும் குறைதல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்திற்று. 2,000 கலோரி உண்பவர்க்கு அது 50 கிராம். ஐந்து வீதமாக, அஃதாவது 25 கிராமாகக் குறைப்பின் மேலும் நன்று. தேனும் பழரசத்திலுள்ள சீனியும் அக்கணக்கினுள் அடங்கும். மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் முறை இலங்கையில் 2016 ஆம் ஆண்டிலும், அவற்றின் சீனிக்கு வரி விதிக்கும் முறை 2017 ஆம் ஆண்டிலும் கொண்டுவரப்பட்டன. ஆயினும் போத்தலுக்கு நிறமிடும் சட்டம் வீட்டுத் தேநீர்க் கோப்பைக்குள் நுழைவதில்லை. அங்கே ஆட்சி செலுத்துவது கரண்டி பிடித்த கை.

ஆகவே, சிகிச்சை பெற்றவரின் சிறுபையொன்றே இப்பொறுப்பு முழுவதையும் சுமக்கும் என எதிர்பார்த்தல் நியாயமன்று. சத்திரசிகிச்சை இரைப்பையைத் திருத்தலாம். வீட்டின் விருந்தோம்பலைத் திருத்த அதனால் இயலாது. வந்தவரிடம் ‘சீனி எவ்வளவு?’ என முன்கூட்டியே வினவும் வழக்கம், ‘போதும்’ என்ற சொல்லை அவமதிப்பாகக் கொள்ளாத பண்பு, தேநீரோடு பலகாரத்துக்குப் பதிலாக அவித்த கடலையை வைத்தாலும் உபசாரம் குறைந்துவிடாது என்னும் தெளிவு ஆகிய மூன்றும் ஊரில் நிலைபெறுமாயின், அப்பெண் ‘மறுகா’ என்னும் சொல்லின் பின் ஒளிய வேண்டியதில்லை. அவளுக்காகத் தொடங்கும் அம்மாற்றம், அதே வீட்டில் இன்னும் நோயுறாத பிள்ளைகளுக்கும் காவலாய் அமையும் என்பதில் ஐயமில்லை.