கொடுத்த கொப்பு

வலிகாமத்துச் செம்மண் முற்றமொன்றிலே செவ்வரத்தை வளர்த்த மூதாட்டி, கேட்டவர்க்கெல்லாம் கொப்பு முறித்துக் கொடுப்பார். வீட்டுச் செவ்வரத்தை பெரும்பாலும் விதை கொள்வதில்லை. முற்றிய தடியே அதன் வித்து. கணுக்கள் மண்ணுட் புதையச் சற்றே சாய்த்து நட்டு, நிழலும் ஈரமும் பேணினால் சில வாரங்களில் வேர்கொள்ளும். பூப்பது புதுத்தளிரிலே, ஆதலின் வெட்டுதல் செடிக்கு இழப்பன்று.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் தென்மராட்சி சென்றார். அங்கே தஞ்சமளித்த தங்கையின் வேலியோரத்தில், முன்னொருகால் தாம் கொடுத்த கொப்பு ஆளுயரம் வளர்ந்து பூத்திருந்தது.

1996இல் ஊர் மீண்டபோது, நீரூற்றுவாரின்றி அவர் முற்றத்துச் செடிகள் யாவும் பட்டுக்கிடந்தன. அவரோ ஈரச்சாக்கிற் சுற்றிக் கொணர்ந்த தடியைக் கிணற்றடியில் நட்டார். அடுத்த மாரியில் முதற்பூ விரிந்தது. அயல்வீட்டார் கொப்புக் கேட்டனர். மறுக்காது முறித்துக் கொடுத்தார்.