கண்ணாடி அலமாரியில் ஒரு தோல் சட்டைக்காரர்

“இந்த வயதிலுமா பொம்மை?”

என் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வரவேற்பறையின் மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதனுள் 30 செண்டிமீட்டர் உயரத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடியும் கறுப்புத் தோல் சட்டையுமாக நிற்பவரைப் பெரும்பாலோர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1991இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தின் இயந்திர மனிதர் அவர். சற்று உற்றுப் பார்ப்பவர்கள் மட்டும் அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்: “ஏன் சட்டை மட்டும் இவ்வளவு தடிமனா இருக்கு?”

அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிறு விளக்கம். இவற்றைப் பொம்மை என்று சொன்னால் சேகரிப்பாளர்களுக்குக் கோபம் வரும். ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்றுதான் சொல்ல வேண்டும்! 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்னும் போர்வீரனை வெளியிட்டபோது, பொம்மை என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து இந்தப் பெயரைச் சூட்டியது. நான் சேர்ப்பவை ஆறில் ஒரு பங்கு அளவுள்ளவை. ஆறடி மனிதர் ஓரடியாக நிற்பார். கை, கால், கழுத்து எல்லாம் மடங்கும். உடைகள் உண்மையான துணியில் தைக்கப்பட்டிருக்கும். தோல் சட்டைக்கு மட்டும் உண்மைத் தோல் அபூர்வம். ஓரடி மனிதருக்கு உண்மைத் தோலில் சட்டை தைத்தால் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். அதனால் மெல்லிய செயற்கைத் தோலைத்தான் பயன்படுத்துவார்கள்.

2009. பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டாம் ஆண்டு. பகுதிநேரமாகத் துணைப்பாட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் நான்கு மாதம் மிச்சம் பிடித்து, 270 வெள்ளிக்கு இந்த டெர்மினேட்டரை வாங்கினேன். ரசீதைக் கிழித்துப் போடாமல் மேசையில் விட்டதுதான் நான் செய்த தவறு.

அப்பா செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். அன்று இரவு வேலைக்குக் கிளம்பியவர் ரசீதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். “பொம்மைக்கா தம்பி 270 வெள்ளி?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்க்க வேண்டும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதை வெளியே வைக்க மனம் வரவில்லை. பெட்டியோடு அலமாரியின் தலையில் ஏற்றிவிட்டேன்.

சொல்ல ஒரு பதில் இருந்தது. ஆனால் இருபது வயதில் அதை அப்பாவிடம் சொல்ல வெட்கம்.

ஆண்டுகள் ஓடின. அப்பா 2015இல் ஓய்வு பெற்றார். 2019இல் எனக்குத் திருமணமாகிச் சொந்த வீவக வீட்டுக்குச் சாவி கிடைத்தது. ஈசூனில் இருந்த பழைய வீட்டிலிருந்து சாமான்களை மாற்றும் நாள். கனமான பொருள்களைத் தூக்க வேண்டுமே என்று அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே புத்தம் புதிய பாதுகாப்புக் காலணி. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் பட்டறையில் கொடுத்தது. “நல்லாத்தானே இருக்கு, அவசரத்துக்கு உதவும்” என்று போடாமல் வைத்திருந்தார்.

போட்டுக்கொண்டு மின்தூக்கி வரைக்கும்தான் போனார். பாதி வழியில் அடிப்பாகம் பிளந்தது. அடுத்த நான்கு எட்டில் தேநீரில் ஊறிய பிஸ்கட்போல உதிர்ந்தது. தாழ்வாரம் முழுக்கக் கறுப்புத் துகள். ஒருநாள்கூடப் போடாத காலணி!

அம்மா விளக்குமாற்றைத் தேடிக்கொண்டிருக்க, நான் அலமாரியின் தலையிலிருந்து என் பெட்டியை இறக்கினேன். பத்து ஆண்டுகளாகக் கை படாத பொருள். திறந்தவுடன் ஒரு புளித்த வாடை. சட்டையின் தோள்பட்டையில் விரல் பட்டதும் கறுப்புச் சருகு போல ஒட்டிக்கொண்டு வந்தது. முழங்கை மடிப்பில் தோலே இல்லை. அடியில் இருந்த வெள்ளைத் துணிதான் பல்லிளித்தது.

அப்பா உடைந்த காலணியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையைப் பார்த்தார். காலணியைப் பார்த்தார். “ரெண்டுக்கும் ஒரே வியாதிடா” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது முற்றிலும் உண்மை என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்த பொருள். நுரையாக்கினால் மெத்தையும் காலணி அடியும் ஆகும். துணியின்மேல் மெல்லிய படலமாகப் பூசினால் செயற்கைத் தோல் ஆகும். இதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது உறுதியானது, மலிவானது. ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளுக்குத் தண்ணீர் எதிரி. மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும். அது பிணைப்பை ஒவ்வொன்றாக அறுக்கும். நீராற்பகுப்பு என்று வேதியியலில் படித்திருப்போம். அறுபடும் இடத்தில் அமிலம் உருவாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை இன்னும் வேகப்படுத்தும். வெப்பம் கூடினால் இதுவும் விரைவுபடும்.

சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆண்டுச் சராசரி 80க்கும் மேல். அதோடு என் பழைய அறைக்கு மேற்கு வெயில் வேறு. பெட்டிக்குள் போட்டு மூடியதால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டி ஈரத்தைத் தடுக்காது. உருவான அமிலமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கும்.

“போட்டிருந்தா தேஞ்சிருக்கும், ஆனா உழைச்சிருக்கும்” என்றார் அப்பா காலணியைப் பார்த்து. அணிந்தால் வேதியியல் நின்றுவிடாதுதான். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பிறகு கேட்டார், பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்வியை. ஆனால் இம்முறை குரலில் வருத்தம் இல்லை. “எதுக்குத் தம்பி இதை வாங்கினே?”

சொன்னேன். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது பட்டறையில் குடும்ப நாள் நடந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கப்பலின் நிழலில் ஒருவர் இரும்புத் தகட்டை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, தோல் சட்டை, முழங்கை வரை கையுறை, சுற்றிலும் தீப்பொறி. யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றியதும்தான் அப்பா என்று தெரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டோ என்னவோ, தொலைக்காட்சியில் டெர்மினேட்டர் படம் போட்டார்கள். கடைசிக் காட்சி உருக்காலையில் நடக்கும். உருகிய இரும்பைக் காட்டி அப்பா எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இரும்பைப் பார்க்கவில்லை. தோல் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பல நாள், என் அப்பாதான் அது என்று கூட்டாளிகளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “கண்ணாடியைக் காணோமே, அது எங்கே?” என்றார். பெட்டியின் மூலையில் இருந்த சின்னஞ்சிறு கறுப்புக் கண்ணாடியை எடுத்து அதற்கு மாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். “அந்தப் பழைய சட்டையைத் தூக்கிப் போடாதே. கொண்டு வா.” அவரிடம் டிக் வெல்டிங் கையுறை ஒரு சோடி இருந்தது. சாதாரண வெல்டிங் கையுறை முரட்டுத் தோல். டிக் வெல்டிங்கில் மெல்லிய கம்பியை விரலால் உணர்ந்து நகர்த்த வேண்டியிருப்பதால், அதற்கு மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை. உதிர்ந்த சட்டையின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வைத்து வரைந்தோம். அப்பா தோலை வெட்டினார். “பொம்மைக்குச் சட்டை தைக்கிற வயசா எனக்கு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா தைத்தார். காலணிச் சாயம் பூசினோம். மூன்று வாரம் ஆனது. அசல் சட்டையைவிட இரண்டு மடங்கு தடிமன். கையை முழுதாக மடக்க முடியாது. காலர் கொஞ்சம் கோணல். அதனால்தான் வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

அந்தச் சட்டைக்குப் பிறகுதான் நான் உண்மையில் சேகரிப்பாளன் ஆனேன். பட்டுத் தெரிந்துகொண்டவற்றைப் பேரவையின் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிவைக்கிறேன். உங்களில் பலருடைய மேசையிலும் இப்படி ஒருவர் நிற்பது எனக்குத் தெரியும்!

முதலாவது ஈரம். கண்ணாடி அலமாரிக்குள் 10 வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வையுங்கள். 45 முதல் 50 விழுக்காடு நல்லது. படக்கருவிகளை வைக்கும் மின்சார உலர் அலமாரி கிடைத்தால் சிறப்பு. வசதி இல்லையென்றால் சிலிக்கா ஜெல் போதும். ஆனால் அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும். நிறம் மாறியதும் பொட்டலத்தில் சொன்னபடி சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்த வேண்டும். பலர் வாங்கி வைப்பதோடு மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஒளி. சன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம். புற ஊதாக் கதிர் நிறத்தையும் தோலையும் சேர்த்துக் கெடுக்கும். அலமாரி விளக்கு எல்இடியாக இருக்கட்டும். ஹாலஜன் விளக்கு அலமாரியை அடுப்பாக்கிவிடும்.

மூன்றாவது நிற்கும் விதம். கையை மடக்கி, உதைப்பதுபோல் நிறுத்தினால் அழகுதான். ஆனால் முழங்கை மடிப்பிலும் தோளிலும்தான் முதல் வெடிப்பு விழும். செயற்கைத் தோல் உடுத்தியவர் நேராக, கையைத் தொங்கவிட்டு நிற்பதே நல்லது. உடையைக் கழற்றி மாட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாகச் சட்டையின் கறுப்பும் சிவப்பும் உடம்பில் ஏறிவிடும். அதைப் போக்குவது கடினம். நீண்டநாள் மூடி வைப்பதானால் உடம்புக்கும் சட்டைக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாளைச் செருகுங்கள்.

நான்காவது சுத்தம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஸ்பிரிட் தொடக்கூடாது. உண்மைத் தோலுக்குப் பூசும் எண்ணெய், களிம்பு எதுவும் செயற்கைத் தோலுக்குள் இறங்காது, மேலே பிசுபிசுக்கும். சில உடைகள் பாலியூரித்தேனாக இல்லாமல் பிவிசியாக இருக்கும். அவை உதிர்வதற்குப் பதிலாக ஒட்டும். அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மேலே கசிவதே காரணம். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஐந்தாவது காற்று. வாரம் ஒருமுறை, மழையில்லாத பிற்பகலில் அலமாரியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள். உள்ளே தேங்கிய வாடை போகட்டும். அப்படியே ஒவ்வொருவரையும் உற்றுப் பாருங்கள். புளித்த வாடையோ பிசுபிசுப்போ வந்தால், அவரைத் தனியே பிரித்து வையுங்கள்.

இத்தனையும் செய்தால் செயற்கைத் தோல் என்றென்றும் இருக்குமா? இருக்காது. முதுமையை ஒத்திப்போடலாம், அவ்வளவுதான். அருங்காட்சியகங்களில் பாலியூரித்தேனும் பிவிசியும் பாதுகாப்பாளர்களுக்குப் பெரும் தலைவலி. உண்மைத் தோலுக்கும் நம் ஊரில் பூசணம் என்ற எதிரி உண்டு. ஆகவே அப்பா வெட்டிய சட்டையும் அதே அலமாரியில், அதே ஈரப்பதமானியின் காவலில்தான் இருக்கிறது. பொம்மையின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் சியா ஸ்திரீட்டில் 2007இல் திறக்கப்பட்ட மின்ட் பொம்மை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அப்பாவை நான் அங்கே அழைத்துப் போனேன். தகரப் பொம்மைகளின் பற்றவைப்பை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல வேலை” என்று சான்றிதழ் கொடுத்தார்.

இப்போது அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. வார இறுதிகளில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். காலையில் எழுந்ததும் இரத்த அழுத்தம் பார்ப்பார். பிறகு அலமாரிக்கு வந்து ஈரப்பதம் பார்ப்பார். இரண்டு எண்களையும் ஒரே குறிப்புப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவார். “எனக்கு 130, அவனுக்கு 48. ரெண்டு பேரும் பரவாயில்ல” என்பார்.

சென்ற தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் வழக்கம்போல், “இந்த வயதிலுமா பொம்மை?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அப்பா முந்திக்கொண்டார்.

“பொம்மை இல்லீங்க. அது நான்தான்.”