பால்பல் காலம்

நாய்க்குட்டிக்குக் கை செய்ய வேண்டிய வேலையையும் வாயே செய்கிறது. ஒரு பொருள் கனமானதா, இழுத்தால் வருமா, எதிரே உட்கார்ந்திருப்பவர் விளையாட்டுக்கு இசைவாரா என்பதையெல்லாம் அது கவ்விப் பார்த்தே அறிந்துகொள்கிறது. ஆகவே புதிதாக வீட்டுக்கு வந்த குட்டி வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்குவதையும் நீட்டிய விரலை வாய்க்குள் வாங்கிக்கொள்வதையும் கெட்ட பழக்கம் என்பதைவிட வயதின் இயல்பு என்று கொள்வதே பொருந்தும். மூன்றாம் வாரவாக்கில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள் 28. அவை ஊசிபோல் கூர்மையானவை. நான்காம் மாதத்தை ஒட்டி அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் அமைந்துவிடுகின்றன. விழும் பற்களைக் குட்டி பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், கடித்துப்போட்ட துணியில் தெரியும் சிறு இரத்தப் புள்ளியைக் கொண்டுதான் பல பேர் பல் மாறுவதையே உணர்கின்றனர்.

மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் சமூகப் பழக்கங்கள் பதியும் முக்கியப் பருவம் என்பதை, அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தனர். இப்பருவத்தில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால், கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விலகிப் போய்விடுகிறது, ஆட்டம் நின்றுவிடுகிறது. முலைக்காம்பில் பல் பட்டால் தாயும் எழுந்து போய்விடுகிறது. எந்த அளவுக்கு அழுத்தினால் ஆட்டமும் பாலும் பறிபோகும் என்பதைக் குட்டியின் தாடை இவ்வாறு கற்றுக்கொள்கிறது. கவ்வும்போதே கவ்வலின் வலுவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் இத்திறனைக் கடியடக்கம் எனலாம்.

பிரிட்டனில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவரும் நடத்தையியலாளருமான இயன் டன்பார், இதில் ஒரு வரிசையை வற்புறுத்தினார். முதலில் வலிக்கும் கடியை மட்டும் நிறுத்த வேண்டும். மென்மையாகக் கவ்வுவதைச் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டு, பிறகே அதையும் குறைக்க வேண்டும். கடிக்கவே கூடாது என்று மட்டும் கற்று, அளவைக் கற்காமல் வளர்ந்த நாயின் வாலை யாரேனும் இருட்டில் மிதித்துவிட்டால், அந்த நொடியில் விழும் கடிக்கு அளவிருக்காது என்பது இதன் அடிப்படை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாதென்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடுப்பதிலும் இந்த நியாயம் அடங்கியிருக்கிறது. ஆயினும் ஐந்தாறு வாரக் குட்டிகள் கைமாறுவது நின்றபாடில்லை. தாயிடம் கற்றிருக்க வேண்டிய பாடத்தை அவை பிள்ளைகளின் கணுக்காலில் கற்க முற்படுகின்றன.

டன்பாரின் வரிசை நியாயமானதே என்றாலும், அது உருவான ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் நாய்களிடையே ரேபிஸ் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. நாய்க்கு நாய் பரவும் ரேபிஸ் வகை ஒழிந்துவிட்டதாக அமெரிக்காவில் 2007இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ அந்நோய் இன்னும் தெருவில் இருக்கிறது. குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்றாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. கவ்வும் பழக்கமோ அதற்கு முன்பே மும்முரமாகிவிடுகிறது. வெறுந்தோலைப் பல்லால் கொறிப்பதையும் இரத்தம் வராத சிறு கீறலையும்கூட உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி தேவைப்படும் இரண்டாம் வகைத் தொடர்பாகக் கணக்கிடுகிறது. இரத்தம் கசியும் கடி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. தெருவிலிருந்து எடுத்து வந்த, தாயின் நிலை தெரியாத குட்டியானால், பால்பல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போவதே முறை. எனவே கையைக் கொடுத்து அளவு கற்பிக்கும் வேலையைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் எட்டு வாரம் முழுமையாக விட்டுவிடுவதும், வீட்டில் பல்லுக்கு முடிச்சுப் போட்ட கயிற்றையோ பொம்மையையோ மட்டுமே நீட்டுவதும் இந்நாட்டுச் சூழலுக்கு இசைந்தவை.

அப்படியும் பல் தோலில் பட்டால், அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சில வினாடி நின்றால் போதும். விரும்பியதை விலக்கிக்கொள்வதன் மூலம் ஒரு செயலைக் குறைக்கும் இம்முறையை நடத்தையியலில் எதிர்மறைத் தண்டனை என்பர். பெயரில்தான் கடுமை, அடிக்கு அதில் இடமில்லை. உடன்பிறந்த குட்டியைப் போலக் கத்திக்காட்டுவதும் சொல்லப்படுகிறதெனினும், சில குட்டிகளை அது மேலும் உசுப்பிவிடுகிறது. தாத்தா விரலைக் கொடுத்துக் கொஞ்ச, அம்மா அதே விரலுக்கு அதட்ட, பேரன் கூச்சலிட்டு ஓட, ஒரே வீட்டில் மூன்று சட்டம் நடந்தால் எம்முறையும் பலிக்காது. விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டி கண்மண் தெரியாமல் ஓடிக் குதறுவதற்கு, பகலில் தூங்கவிடாமல் ஆள்மாற்றி ஆள் தூக்கிவைத்துக் கொஞ்சியதே காரணமாக இருப்பதுண்டு. ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டிய வயது அது.

கவ்வும் குட்டியை மல்லாத்திப் போட்டு அமுக்குவது, வாயை இறுகப் பிடிப்பது ஆகியவற்றுக்கு நியாயமாகச் சொல்லப்படும், நாயை மனிதர் கூட்டத் தலைவனைப் போல அடக்கி ஆள வேண்டும் என்னும் 'தலைவன்' கொள்கை, ருடால்ஃப் ஷென்கல் என்பவர் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதியதில் வேர்கொண்டது. அதைப் பரப்பிய நூலை 1970இல் எழுதிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று கண்டு, 1999இல் அக்கருத்தைத் தாமே திருத்தினார். திருத்தம் வீடுகளை எட்டாமல், கொள்கை மட்டும் எட்டியிருக்கிறது.

மெல்லும் பழக்கம் கவ்வும் பழக்கத்திலிருந்து வேறானது. கவ்வல் சில மாதங்களில் அடங்கும், மெல்லுதல் ஆயுள் முழுதும் தொடரும். செருப்பு குதறப்பட்டிருப்பதை மாலையில் வந்து பார்த்துத் திட்டுவோர், நாய் காதை மடக்கிக் கண்ணைத் தாழ்த்துவதைக் கண்டு, அது தன் குற்றத்தை உணர்ந்துவிட்டதென்று நம்புகின்றனர். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 14 நாய்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், தின்னக் கூடாததைத் தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டிற்று. அம்முகம் எசமானரின் கோபத்துக்கான மறுமொழியே ஆகும். மதியம் மென்ற செருப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்நிலையில் செருப்பை அலமாரிக்குள் வைப்பதுதான் மலிவான பயிற்சி. மேசைக்காலில் மிளகாய்ப்பொடி தூவுவது கொடுமையே அன்றிப் பயிற்சி ஆகாது.

மெல்வதற்கு எதைத் தருவது என்பதில் கவனம் வேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கும் பொருள் நல்லது. அதனினும் கடினமானது பல்லைப் பிளந்துவிடும். 1970களில் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஃபிரிட்ஸ் என்ற நாய் கல்லைக் கடித்தே பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தம் ஃபோக்ஸ்வேகன் வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட ரப்பர்ப் பாகத்தை அது விடாமல் கவ்விக்கொண்டதிலிருந்துதான் உள்ளே உணவு அடைத்துக் கொடுக்கும் காங் என்னும் ரப்பர் பொம்மை பிறந்தது. ஈறு நோகும் குட்டிக்கு நனைத்து முறுக்கிக் குளிர்பெட்டியில் உறையவைத்த பழந்துணியே போதும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். பாயசத்துக்கு எடுத்துவைத்த உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஓரிரு வயது கடந்து ஒழுங்காக இருந்த நாய், ஆளில்லாத நேரத்தில் மட்டும் வாசற்கதவின் விளிம்பையும் சன்னல் சட்டத்தையும் கடிக்கத் தொடங்கினால், அது பல்லின் தினவைக் காட்டிலும் தனிமைப் பதற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குப் பொம்மை போதாது. கால்நடை மருத்துவரின் துணையோடு, நாயைத் தனியே விட்டுச்செல்லும் நேரத்தைச் சில வினாடிகளில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.