பெட்ரோலா, கரண்டா?

பூவிருந்தவல்லியைச் சுற்றிச் சாவடிகளுக்குப் பஞ்சமில்லை. வேலப்பன்சாவடி, கரையான்சாவடி, குமணன்சாவடி என்று அடுத்தடுத்து இருக்கின்றன. பட்டணத்துக்கு நடந்தும் மாட்டு வண்டி கட்டியும் போன வழிப்போக்கர்கள் இறங்கி இளைப்பாறிய இடங்களுக்குத்தான் அந்தக் காலத்தில் சாவடி என்று பெயர். அந்தப் பழைய வழக்கத்தை இன்றைக்கும் விடாமல் காப்பாற்றி வருவது எங்கள் ஊரில் என்னுடைய கார் ஒன்றுதான். மேலே மெட்ரோ பாலம், கீழே பஸ்ஸும் லாரியும் ஷேர் ஆட்டோவும் என்று உலகமே அவசரமாகப் போய்க்கொண்டிருக்கும். குமணன்சாவடிச் சந்திப்பு வந்ததும் அது மட்டும் நின்று இளைப்பாறும்.

குமணன் என்றால் யார்? கொடுப்பதற்குக் கையில் பொருள் இல்லையே என்று வருந்தி, தன் தலையைக் கொய்து கொண்டுபோகும்படி புலவனிடம் வாளை நீட்டிய வள்ளல். அந்தப் பெயருள்ள ஊரில் ஓர் எழுத்தாளனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு ஃபேன் பெல்ட்டைக்கூடக் கடனாகத் தருவதில்லை.

கார் 1987-ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. என் மாமா வைத்திருந்தது. அவருக்குக் கண் மங்கிய பிறகு, பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதைவிட மருமகனுக்குக் கொடுப்பது மேல் என்று சாவியை என் கையில் வைத்தார். பத்மினி என்றதும் 'தில்லானா மோகனாம்பா'ளை நினைத்துக்கொள்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பத்மினி ஆடினால் நாட்டியம்; இந்தப் பத்மினி ஆடினால் என்ஜின் மவுண்ட் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு காலத்தில் இந்த வண்டிக்கு இருந்த மவுசு இப்போது இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. இத்தாலி தேசத்து ஃபியட் 1100 வண்டியைப் பம்பாய் குர்லாவில் செய்தார்கள். 1970-களின் நடுவில் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர், முன்னால் சோபா மாதிரி ஒரே நீள ஸீட். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்துதான் வாங்குவார்கள். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் தயாரிப்பு நின்றது. 2023 அக்டோபரில் பம்பாய் டாக்ஸி வரிசையிலிருந்தும் அது விடைபெற்றது.

அப்படிப்பட்ட கிழ வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். என் தாயாருக்கு எழுபத்து நாலு வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு, மாதம் இரண்டு தடவை போரூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோ குலுக்குகிற குலுக்கலில் தையல் போட்ட இடம் நினைவுக்கு வருகிறது என்கிறாள். வாடகைக் கார்களில் வருவது பெரும்பாலும் புது மாதிரிக் குட்டை வண்டி. குழிக்குள் இறங்குவது போல் உட்கார வேண்டும். பத்மினியின் முன் ஸீட் நாற்காலி உயரம். கதவைத் திறந்தால் அம்மா நேராகப் போய் உட்கார்ந்து, காலை மெள்ள உள்ளே இழுத்துக்கொள்வாள். இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

வண்டி கைக்கு வந்த மூன்றாம் வாரமே நிற்க ஆரம்பித்தது. ஏழெட்டு மைல் நன்றாக ஓடும், நின்றுவிடும். இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். கண்ணாடிக் கதவும் குளிர்ந்த அறையும் உள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பாட்டரியை மாற்றினார்கள். காயிலை மாற்றினார்கள். கார்புரேட்டருக்குப் புதுச் சாமான்கள் போட்டார்கள். பில் 11,400 ரூபாய். நாலாம் நாள் வண்டி அதே சந்திப்பில் அதே இடத்தில் நின்றது.

அப்போதுதான் பாயைத் தேடிப் போனேன். குன்றத்தூர் சாலையில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய ஒர்க்‌ஷாப். அறுபது வயதைத் தாண்டியவர். நான் பாட்டரியில் தொடங்கி என் கதையைச் சொல்லப் புறப்பட்டேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நின்னப்போ பெட்ரோல் வரலியா, கரண்ட் வரலியா? மொதல்ல அத்த சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. "அப்ப அது தெரிஞ்சப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். வைத்தியர் நோயாளியைத் திருப்பியனுப்புகிற தினுசு! ஆனால் போகும்போது இரண்டு விஷயம் காட்டிக்கொடுத்தார். வண்டி நின்றதும் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி என்ஜின் இரும்பின் பக்கத்தில் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னால், நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். தெறித்தால் கரண்ட் உண்டு. பிறகு கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி, பம்பில் உள்ள சின்னக் கைப்பிடியை அசைத்தால் பெட்ரோல் கெட்டியாகப் பாய வேண்டும்.

நாலு பிஸ்டன், ஒவ்வொன்றும் உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளும். பள்ளிக்கூடத்தில் இதைப் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அது நடப்பதற்குச் சரியான வேளையில் ஒரு பொறியும், காற்றோடு கலந்த கொஞ்சம் பெட்ரோலும் வேண்டும் என்பதுதான் விஷயம் முழுவதும். மற்ற ஆயிரம் சாமானும் இந்த இரண்டுக்கும் ஊழியம் செய்கின்றன. பாய் கேட்ட ஒரு கேள்வியில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. அடுத்த கேள்வியில் மீதியில் பாதி. இப்படிக் கேட்டுக்கொண்டே போக நேரம் வேண்டும், பணம் வேண்டியதில்லை. பணம் இருக்கிறவர்களுக்குக் கேள்வி அவசியமே இல்லை. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம், என்றைக்காவது ஒருநாள் நோயுள்ள சாமானும் மாறிவிடும். கண்ணாடிக் கதவுக்காரர்கள் செய்தது அதைத்தான்.

அடுத்த தடவை நின்றபோது பார்த்தேன். பொறி நீலமாகத் தெறித்தது. பெட்ரோலோ குமிழி குமிழியாக, சோடா மாதிரி வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். பாய் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். (இதை வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியது. ஆகவே பம்பு நல்லது, கார்புரேட்டர் நல்லது. கோளாறு பின்னால், டாங்கியிலிருந்து பம்புக்கு வருகிற வழியில். வண்டிக்கடியில் படுத்தோம். டாங்கியையும் இரும்புக் குழாயையும் சேர்க்கிற ரப்பர் ஹோஸ், நாலு விரல் நீளம்தான். மடக்கிப் பார்த்தால் உள்ளங்கை ரேகை போல் வெடிப்பு. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை! பம்பு இழுக்கிற பக்கம் அது. அங்கே வெடித்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். புது ஹோஸ் 60 ரூபாய், கிளிப் இரண்டு 20 ரூபாய். பாய் கூலி 200.

ரப்பர் கெடுவதற்கு வயது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை நாடு 2025-இல் எட்டிவிட்டது. கரும்பு விவசாயிக்கும் அன்னியச் செலாவணிக்கும் நல்லது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிப் பதம் கெடுகிறது. ஹோஸ், பம்பு டயாப்ரம், வாஷர் எல்லாவற்றையும் இப்போது வருஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியே கதி என்று ஆனேன். பாயிண்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வைக்கக் கற்றேன். பிளக் ஒயர்களை 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டக் கற்றேன். சித்திரை வெயிலில் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுகிற வைத்தியத்தையும் கற்றேன். பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதைப்போல் மலிவான உபாயம் வேறில்லை.

சாமான் வாங்கப் புதுப்பேட்டை. கூவக்கரையில், எழும்பூருக்குப் பக்கத்தில், செத்துப்போன வண்டிகள் எல்லாம் உறுப்பு உறுப்பாகக் கிடக்கிற உலகம் அது. பழைய சாமானைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினால்தான் மரியாதை. பெயர் சொல்லிக் கேட்டால் விலை இரட்டிக்கும். பாய் ஒரு விதி சொல்லியிருந்தார்: இரும்பைப் பழசாக வாங்கலாம், ரப்பரைப் பழசாக வாங்கக்கூடாது. ஆகவே இரும்புக்குப் புதுப்பேட்டை, ரப்பருக்கு மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று பிரித்துக்கொண்டேன். ஒரு சிறுகதைக்கு வருகிற சன்மானம் நாலு பிளக்குக்கும் ஒரு ஃபேன் பெல்ட்டுக்கும் சரியாக இருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். "உங்க கதையைவிட இதுதாங்க விறுவிறுப்பா இருக்கு" என்கிறாள் என் மனைவி.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைப் பற்றிச் சின்ன வயதில் பாடமாகப் படித்தோம். 1893-இல் பிறந்தவர். ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பவும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பாடத்தில் அவரை மேதை என்று முடித்துவிட்டார்கள். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்குப் பிரமிப்பாக இருந்தது வேறு: பாடுபட்டு வாங்கிய ஒரே பொருளைப் பிரித்துப் போட என்ன நெஞ்சுத் துணிச்சல் வேண்டும்! பூட்டத் தெரியாவிட்டால் மிஞ்சுவது ஒரு மூட்டை இரும்பு.

அந்தத் துணிச்சல் எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டிருந்தது. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அம்மாவோடு திரும்பும்போது, ஐயப்பன்தாங்கல் அருகில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு போல் உள்ளே போயிற்று. இரண்டாம் மிதிக்குத்தான் பிடித்தது. முன்னால் போன தண்ணீர் லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த மருந்துப் பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் தேய்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். ஊகம் சரிதான். ரப்பர் கிட்டை வாங்கிக்கொண்டு, நானே மாற்றுகிறேன் என்று கொட்டகைக்குப் போனேன். பாய் கிட்டை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

"மத்ததெல்லாம் தப்பாப் போச்சுன்னா வண்டி நின்னுடும் சார். இது தப்பாப் போச்சுன்னா வண்டி நிக்காது."

சிலிண்டரின் உட்புறம் துருவேறிக் கீறியிருந்தது. புது ரப்பர் போட்டாலும் ஒரு மாதம்தான் தாங்கும் என்று விரலை விட்டுத் தடவச் சொன்னார். தடவினேன், சொரசொரப்பு நன்றாகவே தெரிந்தது. புது சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் ரப்பர், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். நோட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் பேரம் பேசியதற்கான குறிப்பு எதுவும் கிடையாது. தீபாவளி மலருக்கு ஒரு குறுநாவல் ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கினேன். அது அவசரமாக எழுதியது என்று வாசகர்கள் கண்டுபிடித்துக் கடிதம் போட்டால் காரணம் இதுதான்.

இனி 2027-இல் ரிஜிஸ்திரேஷனைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். கிழ வண்டிகள் புகையைக் கக்குகின்றன, தொலையட்டும் என்பது சர்க்கார் கட்சி. பட்டணத்துக் காற்றைச் சுவாசிக்கிறவன் என்ற முறையில் அதை நானும் மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மா உட்காரக்கூடிய உயரத்தில் வேறு கார் ஒன்றை என் வரும்படியில் வாங்க வழி தெரிந்தால் அந்தக் கட்சியிலேயே சேர்ந்துவிடுவேன். அதுவரை மாதம் 400 ரூபாய் வீதம் தனியே எடுத்து வைக்கிறோம்.

பாய்க்கு இப்போது முழங்கால் வலி, வண்டிக்கடியில் படுப்பதில்லை. அவர் பையன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் அவனுக்கு வண்டியின் கோளாறு தெரியுமாம். கார்புரேட்டரோடு யாராவது வந்தால், பாய் ஸ்டூலில் உட்கார்ந்தபடி எனக்கு உத்தரவு போடுகிறார், நான் படுக்கிறேன். போன வாரம் ஒரு கிழ அம்பாஸிடர் வந்தது. வந்தவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "நின்னப்போ பெட்ரோலா, கரண்டா?" என்று கேட்டது நான். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. பத்மினியில் அம்மா பக்கத்து வைப்பர் மட்டும் பளிச்சென்று ஓடுகிறது. ஓட்டுகிறவன் பக்கம் ஓடவில்லை. மோட்டார் நல்லது, பார்த்துவிட்டேன். இடையில் இருக்கிற இணைப்புக் கம்பியில்தான் தேய்மானம். இரும்புச் சாமான், பழசாகவே வாங்கலாம். வியாழக்கிழமை புதுப்பேட்டைக்குப் போக வேண்டும்.