கடன் வாங்காத மரம்

முத்தையாபுரத்து உப்பு மண்ணில் எல்லா மரமும் பிழைத்துவிடாது. ஆனால் திருச்செந்தூர் ரோட்டில் தெற்கே போய்ப் புன்னக்காயலில் பாருங்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், உப்புத் தண்ணீரிலேயே அலையாத்தி மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும் மரம் அது.

அதன் டி.என்.ஏ.விலும் ஒரு விசேஷம் உண்டு.

செடிகளின் டி.என்.ஏ.வில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் இருக்கின்றன. பல துண்டுகள் தம்மையே நகலெடுத்துப் பெருகும். 1940களில் மக்காச்சோளத்தில் இவற்றைக் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். பல வருஷம் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 81! மக்காச்சோள டி.என்.ஏ.வில் சுமார் 85 சதவீதம் இந்தத் துண்டுகள்தான்.

இவை ஒரு வகையில் கடன் மாதிரி. புதுக் குணத்துக்கு முதலாகவும் ஆகும். நல்ல ஜீனின் நடுவில் விழுந்து அதைக் கெடுக்கவும் செய்யும்.

2018-ல் சீன ஆய்வாளர்கள் ஆறு அலையாத்தி வம்சங்களைப் பார்த்தார்கள். தனித்தனியாகக் கடலோரம் வந்து சேர்ந்தவை அவை. ஆனாலும் ஆறிலும் இந்தச் சுமை குறைந்திருந்தது. பழைய துண்டுகளை அதிகமாக அழித்ததால் அல்ல, புதியவை அதிகம் பிறக்காததால்! பழைய கடனை அவசரமாக அடைக்கவில்லை. புதுக்கடன் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. அவ்வளவுதான்.

கஷ்டமான இடத்தில் பிழைக்க இது நல்ல கணக்குதான். ஆனால் கடல்மட்டம் உயர்கிறதே... புது மாற்றம் தேவைப்படும் நாளில், கடனே வாங்காத மரத்திடம் முதல் இருக்குமா?